டொலர் விலையைச் சொல்லி வளர்ந்த ஒரு பத்திரிகை



ஆர்ஜென்டீனா என்றதும் எமது ஊர் இளைஞர்களுக்கு முதலில் மெஸ்ஸியும் மரடோனாவும்தான் ஞாபகம் வருவார்கள். உலகக் கிண்ணம் வந்தால் நீலமும் வெள்ளையும் கலந்த கொடி மின்கம்பங்களில் ஏறிவிடும். அந்தக் கொடிக்குச் சொந்தமான மக்கள் ஐம்பது வருடங்களாகப் பட்டுவரும் பணக் கஷ்டத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை ஒரு பத்திரிகையின் கதை வழியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வியாபாரம் செய்பவர்களும் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளும் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அந்தப் பத்திரிகையின் பெயர் 'ஆம்பிட்டோ ஃபினான்சியேரோ'. ஸ்பானிய மொழியில் 'நிதித் துறை', 'நிதி வட்டாரம்' என்று பொருள் சொல்லலாம். ஹூலியோ ராமோஸ் என்ற பத்திரிகையாளர் 1976 டிசம்பர் 9ஆம் திகதி பியூனஸ் அயர்ஸ் நகரில் இதை ஆரம்பித்தார். ஆரம்பத்தில் சில பக்கங்கள்தான். படங்கள், சினிமா, விளையாட்டு எதுவும் பெரிதாக இல்லை. டொலர் என்ன விலை, வங்கிகள் என்ன வட்டி கொடுக்கின்றன, பங்குச் சந்தையில் எது ஏறியது, எது இறங்கியது என்ற விபரங்களே அதன் சரக்கு.

அந்த நாட்டில் வியாபாரப் பத்திரிகை அதற்கு முன்பும் இருந்தது. 'எல் குரோனிஸ்டா கொமர்சியால்' 1908ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு பழைய பத்திரிகை இருக்கும்போது, புதிதாக வந்த ஒரு மெல்லிய பத்திரிகையை மக்கள் ஏன் தேடி வாங்கினார்கள்? அதற்கு அந்தக் காலத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1976 மார்ச் 24ஆம் திகதி ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அப்போது பணவீக்கம் நூற்றுக்கணக்கான வீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கையில் இருக்கும் காசு மாதக் கடைசியில் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. இராணுவ அரசின் பொருளாதார அமைச்சராக வந்த மார்டினெஸ் டி ஹோஸ், சந்தையைத் திறந்துவிடும் கொள்கையைக் கொண்டுவந்தார். 1977இல் புதிய நிதி நிறுவனச் சட்டம் வந்தது. வங்கிகள் தாம் விரும்பிய வட்டியைக் கொடுக்கலாம் என்றானது. ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு வட்டி சொன்னது. இன்று ஒரு கணக்கு, நாளை ஒரு கணக்கு. எந்த வங்கியில் எத்தனை நாளைக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று பார்ப்பது ஒரு தொழிலாகவே மாறியது. அந்தத் தொழிலுக்குத் தேவையான கையேடாக 'ஆம்பிட்டோ' வந்து சேர்ந்தது. பத்திரிகை வெற்றி பெற்ற இரகசியம் இதுதான்.

1978 டிசம்பரில் அமைச்சர் இன்னொரு ஏற்பாட்டை அறிவித்தார். வரப்போகும் மாதங்களில் டொலரின் விலை எவ்வளவு என்பதை முன்கூட்டியே ஓர் அட்டவணையாக அரசே வெளியிடும். மக்கள் அதை 'தப்லித்தா', அதாவது 'சின்ன அட்டவணை' என்று அழைத்தார்கள். அது திறந்துவிட்ட வழியை ஓர் எளிய உதாரணத்தில் பாருங்கள்.

உங்களிடம் 1000 டொலர் இருக்கிறது. ஒரு டொலர் 1000 பெசோ என்று வைத்துக்கொள்வோம். மாற்றினால் பத்து இலட்சம் பெசோ. அதை வங்கியில் போடுகிறீர்கள். மாதத்திற்கு நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் மாத முடிவில் பத்து இலட்சத்து எழுபதாயிரம். அதற்குள் டொலர் 1040 பெசோதான் ஆகும் என்று அரசே எழுதித் தந்துவிட்டது. திரும்ப டொலராக மாற்றினால் கிட்டத்தட்ட 1029 டொலர் கையில். ஒரு பொருளும் உற்பத்தி செய்யாமல், ஒரு மூட்டையும் தூக்காமல் ஒரே மாதத்தில் 29 டொலர் இலாபம். மறுபடியும் அதையே செய்யலாம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் இதற்கு 'நிதிச் சைக்கிள்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்திற்கே 'இனிப்புப் பணத்தின் காலம்' என்று பெயர். வசதியான நடுத்தர வர்க்கத்தினர் மியாமிக்குப் பறந்துபோய் கடைகளில் 'எனக்கு இரண்டு தாருங்கள்' என்று அள்ளிக்கொண்டு வந்ததை அந்நாட்டவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாதவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுப் பொருள் மலிவாக வந்து குவிந்ததால் உள்ளூர்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. சம்பளத்தை மட்டும் நம்பியிருந்தவனுக்கு வங்கியில் போடவும் காசில்லை, டொலர் வாங்கவும் வழியில்லை. வட்டியின் மேல் எழுப்பிய கட்டடம் எத்தனை நாளைக்கு நிற்கும்? 1980 மார்ச்சில் நாட்டின் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று சரிந்தது. அதைத் தொடர்ந்து மற்ற வங்கிகளும் ஆடத் தொடங்கின. 1981இல் புதிய பொருளாதார அமைச்சராக வந்த லொரென்சோ சிகாவுட், டொலரின் மேல் பந்தயம் கட்டுபவர் தோற்றுப்போவார் என்று மக்களுக்குச் சொன்னார். அதன் பிறகு நாணயத்தின் பெறுமதியை அவரே நூற்றுக்கு முப்பது வீதமளவில் குறைத்தார். அவரை நம்பிப் பெசோவை வைத்திருந்தவர்கள் தோற்றார்கள். இராணுவம் ஆட்சிக்கு வந்தபோது 8 பில்லியன் டொலர் அளவில் இருந்த வெளிநாட்டுக் கடன், அது போகும்போது சுமார் 45 பில்லியன் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து ஆர்ஜென்டீன மக்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். அமைச்சர் பேசுவதைக் கேட்பார்கள். பிறகு டொலர் விலையைப் பார்ப்பார்கள். இரண்டில் எதை நம்புவது என்று தாங்களே முடிவு செய்வார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் பாதி வரலாறுதான் சொன்னதாகும்.

பியூனஸ் அயர்ஸின் வங்கித் தெருக்களும் 'பிளாசா டி மாயோ' சதுக்கமும் அடுத்தடுத்து இருக்கின்றன. சில நிமிட நடைதான். 1977 ஏப்ரல் 30ஆம் திகதி அந்தச் சதுக்கத்தில் பதினான்கு தாய்மார் கூடினார்கள். இராணுவம் பிடித்துக்கொண்டு போன தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். பின்னர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சுற்றி நடந்தார்கள். ஒரு பக்கத்துத் தெருவில் டொலர் விலையைக் கேட்டு ஓடும் கூட்டம், மறுபக்கத்துச் சதுக்கத்தில் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் உம்மாமார். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லின் பாரத்தை நம் நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பெரும்பாலான பத்திரிகைகள் அந்தத் தாய்மாரைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஆங்கிலத்தில் வெளிவந்த 'பியூனஸ் அயர்ஸ் ஹெரால்ட்' அதன் ஆசிரியர் ரொபர்ட் கொக்ஸின் காலத்தில் எழுதியது. அது ஒரு விதிவிலக்கு. எனவே தாய்மாரும் உறவினர்களும் காசு சேர்த்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை 'லா நாசியோன்' பத்திரிகையில் விளம்பரமாகப் போடத் தீர்மானித்தார்கள். 1977 டிசம்பர் 8ஆம் திகதி சாந்த குரூஸ் தேவாலயத்தில் அதற்காகக் கூடியவர்களுக்குள் ஒரு கடற்படை அதிகாரி, காணாமல் போனவரின் சகோதரன் போல் நடித்து நுழைந்திருந்தார். பலர் அங்கேயே பிடிக்கப்பட்டார்கள். டிசம்பர் 10ஆம் திகதி விளம்பரம் வெளிவந்தது. தாய்மாரின் தலைவியான அசுசேனா விலாஃப்ளோர் அன்று காலை பத்திரிகை வாங்கப் போனபோது கடத்தப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2005ஆம் ஆண்டுதான் அடையாளம் காணப்பட்டன. அவரது சாம்பல் அதே சதுக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

டொலரின் விலை தினமும் காலையில் பத்திரிகையில் வந்தது. பிள்ளையின் பெயர் வருவதற்குத் தாய் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு உயிரையும் கொடுக்க வேண்டியிருந்தது.

வியாபாரப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நான் மேலே சொன்ன பழைய 'எல் குரோனிஸ்டா கொமர்சியால்' பத்திரிகையின் உரிமையாளராகவும் ஆசிரியராகவும் இருந்த ரஃபாயெல் பெரோட்டா 1977 ஜூனில் கடத்தப்பட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. பணக்காரக் குடும்பம், முதலாளிகளின் பத்திரிகை என்பதெல்லாம் அவரைக் காப்பாற்றவில்லை. 'லா ஒப்பினியோன்' பத்திரிகையை நிறுவிய ஹக்கோபோ திமெர்மானும் அதே ஆண்டு ஏப்ரலில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். 1979இல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்.

மக்களாட்சி திரும்பிய பிறகு, 1984இல் வெளிவந்த ஆணைக்குழு அறிக்கை கிட்டத்தட்ட 9000 பேரின் விபரங்களைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

இனி 'ஆம்பிட்டோ'வை யார் வாசித்தார்கள் என்ற விடயத்திற்கு வருவோம்.

முதலில் வாசித்தவர்கள் வங்கிக்காரர்கள், பங்குத் தரகர்கள், ஏற்றுமதி இறக்குமதி செய்பவர்கள். பிறகு அரசியல்வாதிகளும் வாசிக்கத் தொடங்கினார்கள். காரணம், ராமோஸ் கணக்கோடு நிற்கவில்லை. திங்கட்கிழமைகளில் 'குயிஞ்சோ உரையாடல்கள்' என்ற ஒரு பகுதி வரும். குயிஞ்சோ என்றால் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுவதற்குப் போடும் கூரைக் கொட்டகை. வார இறுதி விருந்துகளில் அமைச்சர்களும் முதலாளிமாரும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அந்தப் பகுதி எழுதும். யாருக்கும் யாருக்கும் பகை, யார் யாரோடு கூட்டு, அடுத்த அமைச்சர் யார் என்ற கதையெல்லாம் அதில் இருக்கும். கலியாண வீட்டுச் சாப்பாட்டு சஹனைச் சுற்றி நடக்கும் பேச்சு அச்சில் வந்தால் எப்படியிருக்கும், அப்படித்தான். சந்தையில் காசு போடுபவனுக்கு வட்டி வீதம் எவ்வளவு முக்கியமோ, இந்தப் பேச்சும் அவ்வளவு முக்கியம்.

ராமோஸ் சந்தைச் சுதந்திரத்தை ஆதரித்தவர். கடுமையாக எழுதுபவர். பெரிய பத்திரிகைகளோடும் அவர் மோதினார். இராணுவ ஆட்சிக் காலத்தில் 'கிளரின்', 'லா நாசியோன்', 'லா ரசோன்' ஆகிய மூன்று பத்திரிகைகளும் பத்திரிகைக் கடதாசி உற்பத்தி செய்யும் 'பப்பெல் பிரென்சா' நிறுவனத்தின் பங்குகளை வாங்கின. கடதாசி யார் கையில் இருக்கிறதோ பத்திரிகைத் துறையே அவர்கள் கையில் என்பது ராமோஸின் வாதம். 1993இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் 'பத்திரிகைக்குப் போட்ட பூட்டுகள்' என்று சொல்லலாம். அவர் 2006இல் மரணித்தார். பின்னர் பத்திரிகை வேறு உரிமையாளர்களின் கைக்கு மாறியது. இன்றும் வெளிவருகிறது.

வாசகர் வட்டம் உண்மையில் விரிந்தது கஷ்ட காலங்களில்தான். 1989 பெப்ரவரி ஆரம்பத்தில் ஒரு டொலர் 20 ஆஸ்திரலுக்கும் குறைவு. ஆஸ்திரல் என்பது அப்போதைய நாணயம். மத்திய வங்கி டொலர் விற்பதை நிறுத்தியது. ஜூலையில் ஒரு டொலர் 600 ஆஸ்திரலையும் தாண்டியது. அந்த ஆண்டின் பணவீக்கம் 3000 வீதத்துக்கும் மேல். சுபர்மார்க்கட்டில் சாமான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் புதிய விலையை அறிவிப்பார்கள். ஜனாதிபதி அல்ஃபொன்சின் ஐந்து மாதம் முன்னதாகவே பதவியை விட்டுப் போனார். அந்த நாட்களில் டொலர் விலை முதலாளிமாரின் விடயமாக மட்டும் இருக்கவில்லை. இறைச்சிக் கடைக்காரரும், ஓய்வூதியம் வாங்கும் பாட்டியும் அதைக் கேட்டுத்தான் அன்றைய நாளைத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு 1991இல் ஒரு பெசோவுக்கு ஒரு டொலர் என்று சட்டம் போட்டுக் கட்டினார்கள். பத்து வருடம் ஓடியது. 2001இல் 'நாட்டு அபாயச் சுட்டி' என்ற ஒரு எண், அதாவது இந்த நாட்டுக்குக் கடன் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்டும் எண், வியாபாரப் பத்திரிகையிலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து டெக்சி ஓட்டுநரின் வாய்க்கும் வந்தது. அந்த எண் ஏறுவதைப் பார்த்து விளங்கிக்கொண்டவர்கள் டொலரை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவ்வருடம் வங்கிகளிலிருந்து பல பில்லியன் டொலர் வெளியே போனது. விளங்காதவர்களும், விளங்கியும் வழியில்லாதவர்களும் மிஞ்சினார்கள். டிசம்பர் ஆரம்பத்தில் அரசு வங்கிகளைப் பூட்டியது போல் செய்தது. வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க முடியாது. மக்கள் தெருவில் சட்டி பானைகளைத் தட்டினார்கள். 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஜனாதிபதி டி லா ரூவா டிசம்பர் 20ஆம் திகதி பதவி விலகினார். பின்னர் வந்த ஜனாதிபதி டுவால்டே, டொலர் வைப்புச் செய்தவருக்கு டொலரே கிடைக்கும் என்றார். கிடைக்கவில்லை. ஒரு டொலருக்கு 1.40 பெசோ என்று கணக்குப் போட்டார்கள். சில மாதங்களில் வெளியே ஒரு டொலர் நான்கு பெசோவை நெருங்கியிருந்தது.

இன்றும் அந்த நகரின் ஃபுளோரிடா தெருவில் 'மாற்று, மாற்று' என்று கூவிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். பச்சை நிறத் தாள்களோடு அசையாமல் நிற்பதால் அவர்களுக்கு 'சின்ன மரங்கள்' என்று பெயர். மாற்றும் இடத்துக்கு 'குகை' என்று பெயர். வங்கி விலை ஒன்று, தெருவின் 'நீல டொலர்' விலை இன்னொன்று. நம்மிடம் வங்கி விலையும் உண்டியல் விலையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் அரசாங்கம் டொலரின் விலையை ஒரே தடவையில் 366 பெசோவிலிருந்து 800 ஆக்கியது. இப்போது பத்திரிகையை வாங்காதவர்களும் கைத்தொலைபேசியில் 'ஆம்பிட்டோ'வின் டொலர் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்லி முடிக்கிறேன். இந்தப் பத்திரிகை ஆரம்பித்த பிறகு ஆர்ஜென்டீனா தன் நாணயத்தை மூன்று தடவை மாற்றியது. 1983இல் நான்கு பூச்சியங்களை வெட்டினார்கள். 1985இல் மூன்று. 1992இல் நான்கு. மொத்தம் பதினொரு பூச்சியம். அதாவது 1976இன் பத்தாயிரம் கோடி பெசோ, 1992இல் ஒரே ஒரு பெசோ. ஒரு தொழிலாளி வாழ்நாள் முழுக்கச் சேமித்த காசு எங்கே போனது என்று கேட்டால், அந்தப் பூச்சியங்களோடு போனது.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது நமக்குத் தெரியும். நாணயமும் ஓர் அளவைதான். கடைக்காரர் படிக்கல்லைக் குறைத்தால் உடனே கண்டுபிடித்துச் சண்டை போடுகிறோம். ஓர் அரசு நாணயத்தின் எடையைக் குறைத்தால் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகின்றன. 2022இல் நாமும் அதைப் பார்த்தோம். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சம்பளம் அதே தொகைதான். பால்மா மட்டும் அதே விலையில் இல்லை.

ஆர்ஜென்டீன மக்கள் அந்தப் பக்கங்களை வாசிக்கப் பழகியது ஆசையால் அல்ல, அடிபட்டுத்தான். ஆனாலும் வாசிக்கத் தெரிந்த எல்லோரும் தப்பவில்லை. சேமிக்க எதுவும் இல்லாதவனுக்கு டொலர் விலை தெரிந்து என்ன பயன்? அவனைப் பாதுகாப்பது சமூகத்தின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. ஸகாத் நிதியைக் கணக்கிடும்போதும், பள்ளிவாசல் நிதியை ஆண்டுக் கணக்கில் வங்கியில் சும்மா வைத்திருக்கும்போதும், விதவைகளுக்கென்று ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டு ஐந்து வருடம் மாற்றாமல் இருக்கும்போதும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னர் ஐயாயிரம் ரூபாவுக்கு எவ்வளவு அரிசி வந்தது, இன்று எவ்வளவு வருகிறது?

பிள்ளைகளிடம் ஒரு சிறு வேலை கொடுங்கள். மத்திய வங்கி வெளியிடும் டொலர் விலையையும், நமது கடையில் ஒரு கிலோ அரிசி, சீனி, பருப்பின் விலையையும் வாரம் ஒரு தடவை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தவணை முடிவில் அந்தக் கொப்பியைப் பார்த்தால் எந்த அமைச்சரின் பேச்சையும் எடைபோடத் தெரிந்துவிடும். நிர்வாக சபைகளில் இருப்பவர்கள் விதவைகளுக்கான உதவித் தொகையை இந்த ஆண்டிலாவது மீள்பரிசீலனை செய்யுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.